"காஞ்ச காடுதானே மிஸ், இன்னும் கொஞ்சம் காஞ்சா என்ன?" – பையன் கேட்ட கேள்விக்கு என்ன சொல்லட்டும்?

மூக்கனேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறேன். சேலத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன்.

போன வாரம் காலநிலை மாற்றம் பாடம் நடத்தினேன். பனிமலை உருகுவது, கடல் ஏறுவது, பவளப்பாறை வெளுப்பது என்று வழக்கம்போல்தான் போனது. முடிக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் வீடு குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்தில். ஆடு மேய்க்கிற குடும்பம். "மிஸ், நம்ம மலையடிவாரம் காஞ்ச காடுதானே. வெயிலுக்கு ஏற்கெனவே பழகினது. இன்னும் கொஞ்சம் காஞ்சா அதுக்கு என்ன ஆகப்போகுது?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். மூன்று நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தெரியாததாலா என்றால் அப்படியும் இல்லை. பாதிப் பதிலை நான் கண்ணால் பார்த்தே வளர்ந்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

என் அப்பா கோடை மாதங்களில் தினக்கூலிக்குத் தீக் காவலுக்குப் போனவர். பொங்கல் கழிந்ததும் ஃபயர் லைன் வெட்டப் போவார்கள், தீ தாண்டாமல் இருக்கப் புல்லையும் சருகையும் நீக்கிய பாதை அது. சேர்வராயன் மலையின் இந்தப் பக்கச் சரிவில் உசிலை, வெப்பாலை, வேலம், இடையிடையே மூங்கில். மாசியில் இலையெல்லாம் கொட்டிச் சருகு கணுக்கால் வரை கிடக்கும். அப்பா ஒன்று சொல்வார்: "மழை பொய்ச்ச வருஷத்தைக் கண்டு பயப்படாதே. நல்லாப் பெஞ்ச வருஷத்துக்கு அடுத்த மாசிதான் பயம்." மழை பெய்தால் புல் இடுப்பளவு வரும், உண்ணிச்செடி புதராகக் கூடும். அவ்வளவும் காய்ந்து நிற்கும்போது ஒரு பீடித்துண்டு போதும்.

பத்து வயதில் அவருக்குச் சோறு கொண்டு போனபோது, எரிந்து அணைந்த சரிவு ஒன்றைப் பார்த்தேன். தரை முழுக்கக் கறுப்பு. அதன் மேல் பொரி இறைத்தாற்போல் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து எடுத்தால் நத்தை ஓடு. ஓடு ஒவ்வொன்றும் வெந்து சுண்ணாம்பாகிவிட்டிருந்தது, விரலில் பட்டதும் நொறுங்கியது. சருகுக்கு அடியில் அத்தனை நத்தை இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் எங்கள் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மலையிலிருந்து காற்று இறங்கும். மொட்டை மாடியில் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் பகலில் 40 டிகிரியைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். என்னை உறுத்தியது ராத்திரிதான். பன்னிரண்டு மணிக்கும் மாடிச்சுவர் கொதித்தது. அம்மா மூன்று முறை தண்ணீர் தெளித்துப் பார்த்தும் தரை ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நம் மாநிலத்தின் ஐந்து தேசியப் பூங்காக்களில் ஒன்றுகூடச் சேலத்தில் இல்லை. இங்கே இருப்பது காப்புக்காடுதான். அதனால், உலகத்தில் வறண்ட இடங்களில் இருக்கும் தேசியப் பூங்காக்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து, அதைக் கொண்டு நம் காட்டைப் புரியவைக்கலாம் என்று நினைக்கிறேன். நேரில் பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள். புத்தக வரி வேண்டாம், அந்தப் பையனுக்குப் புரிகிற மாதிரி வேண்டும்.

இன்னொன்று. இளைஞர்கள் சிலர் கோடைக்கு மலையடிவாரத்தில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி கட்டப் பணம் திரட்டுகிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். நல்ல காரியம்தானே என்று தோன்றுகிறது. ஆனால் கொடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று பட்டது.

---

டூசான்_சேலத்தான் எழுதியது:

டீச்சர், நான் அம்மாப்பேட்டைக்காரன். எட்டு வருஷமாக அமெரிக்காவில் அரிசோனா மாநிலம் டூசானில் இருக்கிறேன். ஊருக்குக் கிழக்கேயும் மேற்கேயும் இரண்டு துண்டாகச் சவாரோ தேசியப் பூங்கா. 1933-லிருந்து பாதுகாக்கப்பட்ட இடம், 1994-ல் தேசியப் பூங்கா ஆனது. சவாரோ என்பது ஒரு கள்ளி. நம் வேலியோரக் கள்ளியை மனதில் வைக்க வேண்டாம், பனைமர உயரம் போகும், இரண்டு கையைத் தூக்கி நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். முதல் எட்டு வருஷத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும். முதல் கிளை விட ஐம்பது, எழுபது வருஷம் ஆகும். 150 வருஷத்துக்கு மேலும் நிற்கும்.

உங்கள் மொட்டை மாடி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், பதில் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கள்ளி பகலில் தோலில் உள்ள நுண்துளைகளை இறுக மூடிக்கொள்ளும். திறந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் போய்விடும். சூரியன் இறங்கி, காற்று குளிர்ந்த பிறகுதான் திறந்து மூச்சு விடும். இது மூச்சு விடுகிற நேரமே ராத்திரிதான். ராத்திரியே குளிரவில்லை என்றால்? 2023-ல் இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. ராத்திரியும் இறங்கவில்லை. அந்தக் கோடையில் சவாரோக்கள் கையை உதிர்த்தன, சில உள்ளுக்குள் அழுகி அப்படியே சாய்ந்தன. நூறு வருஷ வெயிலைத் தாங்கிய செடி, ராத்திரிச் சூட்டைத் தாங்கவில்லை. பையனிடம் இதைச் சொல்லுங்கள். வெயிலுக்குப் பழகினது என்றால், வெயிலிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அதற்கு ஒரு நேரமும் ஒரு நிழலும் இருந்தது என்று அர்த்தம். இப்போது போவது அந்த நேரம்தான்.

அப்புறம் புல். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது. என் அம்மா ஊர் காங்கேயம் பக்கம். தாத்தாவுக்குக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் அதில்தான் வளர்ந்தன. எவ்வளவு வறட்சி வந்தாலும் வேர் சாகாது, ஒரு மழை பட்டால் துளிர்த்துவிடும் என்று தாத்தா அந்தப் புல்லைச் சாமி மாதிரிப் பேசுவார்.

இங்கே வந்த முதல் வருஷம், பூங்காவில் களை எடுக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். கையில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து, பாறைச் சரிவில் ஒரு புல்லைக் காட்டி, வேரோடு நெம்பி எடுக்கச் சொன்னார்கள். பார்த்தால் கொழுக்கட்டைப் புல். அதே நரிவால் கதிர், அதே பழுப்பு நிறம். நின்றது நின்றபடி நின்றுவிட்டேன். மாட்டுத் தீவனத்துக்கும் மண்ணரிப்பைத் தடுக்கவும் என்று ஒரு காலத்தில் இந்த நாட்டுக்குள் கொண்டுவந்து விதைத்திருக்கிறார்கள்.

அது ஏன் இங்கே எமன் என்றால், இந்தப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெறும் மண் இருக்கும். மின்னல் விழுந்து ஒரு செடி எரிந்தாலும் தீ அங்கேயே நின்றுவிடும். அதனால் சவாரோவுக்குத் தீயைத் தெரியாது, தாங்கும் பட்டை கிடையாது. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. இப்போது தீ ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் புல்லின் மேலேயே நடந்து போகிறது. எரிந்து முடித்ததும் முதலில் துளிர்ப்பதும் புல்தான். குளிர்காலம் சூடேறச் சூடேற அது இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. உங்கள் அப்பா சொன்ன "நல்லாப் பெஞ்ச வருஷத்துக்கு அடுத்த மாசி" இங்கேயும் அப்படியே பொருந்தும்.

நம் ஊர்ப் புல் இங்கே வந்து காட்டை எரிக்கிறது. இந்தப் பக்கத்து மரமான சீமைக்கருவேலம் நம் ஏரியெல்லாம் பிடித்து நிற்கிறது. அதன் பங்காளி மரம் ஒன்று, மெஸ்கீட் என்பார்கள், இங்கே சவாரோக் கன்றுக்கு நிழல் கொடுத்து வளர்க்கிற தாய். அதது அதன் இடத்தில் இருந்தால் சரியாக இருக்கும்.

இன்னும் ஒரு தகவல், வகுப்பில் பயன்படும். 1895 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்து 2018-ல் வெளியிட்டார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் இருக்கும் நிலம், நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. பூங்கா என்று ஒதுக்கிய இடங்கள் பெரும்பாலும் உயரமான மலை, பாலை, வடகோடிப் பனி என்று ஓரத்து நிலங்கள். அங்கேதான் சூடு முதலில் ஏறுகிறது.

---

நாகலூர்_காப்பி எழுதியது:

டீச்சர், நான் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம். மூன்று ஏக்கர் காப்பி, நடுவில் மிளகு. வெளிநாட்டுப் பூங்கா எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் நடப்பதைச் சொல்கிறேன்.

காப்பிக்கு மாசி, பங்குனியில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்போம். அது பெய்து ஒன்பது, பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை மாதிரி வாசனை. மூன்று வாரம் கழித்து இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். வருஷ மழை எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கு எழுதுகிறார்களே, அதில் இந்த இரண்டு மழை வந்ததா வரவில்லையா என்பது தெரியாது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் காய்ந்து செடி வாடியது, கிணறு வைத்திருந்தவர்கள் ஓஸ் பைப் போட்டு நனைத்தார்கள். அதே வருஷம் டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் வந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. வருஷக் கணக்கு பார்த்தால் மழைக்குக் குறைவில்லை. ஆனால் பூவுக்கு வேண்டிய நேரத்தில் சொட்டு இல்லை, வேண்டாத நேரத்தில் மேல்மண்ணையே அடித்துக்கொண்டு போனது. மேல்மண் போன சரிவில் அடுத்த கோடையில் எது முளைக்கும்?

காட்டெருமை முன்பெல்லாம் ராத்திரியில் தோட்ட ஓரம் வந்துவிட்டுப் போகும். இப்போது பட்டப்பகலில் தொட்டித் தண்ணீருக்கு வருகிறது. அதன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் காப்பி பறிக்கப் போகும் பெண்கள் பயந்து போகிறார்கள்.

கீழே வெயில் ஏறினால் செடிகொடி மெல்ல மேலே ஏறும் என்று சொல்வார்கள். எங்கள் மலை உச்சி சேர்வராயன் கோவில், ஏறக்குறைய 1,600 மீட்டர். அதற்கு மேலே ஏற மலை இல்லை டீச்சர்.

---

மூக்கனேரிக்கரை எழுதியது:

நாகலூர் அண்ணா, கடைசி வரியைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன், அனுமதி கொடுங்கள். டூசான் தம்பி, கொழுக்கட்டைப் புல்லைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் மாமியாரால் நம்ப முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் வருவார்கள்.

---

வாழப்பாடி_வேங்கை எழுதியது:

டீச்சர், நான் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படித்தவள். தொட்டிக்கு உடனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜிம்பாப்வேயில் ஹ்வாங்கே என்று ஒரு தேசியப் பூங்கா. வற்றாத ஆறு ஒன்றுகூட அதில் இல்லை. 1930-களிலிருந்தே ஆழ்துளைக் கிணறு போட்டு, குட்டைகளுக்குத் தண்ணீர் இறைத்துத்தான் யானைகளை வைத்திருக்கிறார்கள். இப்போது சோலார் பம்பு. மழை நவம்பரில் தொடங்க வேண்டும். 2023-ல் எல் நினோவால், அதாவது பசிபிக் கடல் சூடாகி மழையைக் குழப்புகிற நிகழ்வால், அது தள்ளிப்போக, அங்கே குறைந்தது நூறு யானை செத்தது. 2019-லும் அந்த நாட்டில் இருநூறுக்கு மேல். பம்பு ஓடிக்கொண்டிருந்த பூங்காவில்தான் இது நடந்தது. வெயில் கூடக் கூட குட்டை சீக்கிரம் வற்றும், யானைக்கும் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும். இறைக்க இறைக்கப் போதவில்லை.

தாகம் மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். கென்யாவின் ட்சாவோவில் 1970, 71-ல் வந்த வறட்சியில் ஆயிரக்கணக்கான யானைகள் செத்தன. ஆறு பக்கத்தில் ஓடியது. செத்தது பசியில். தாய்களும் குட்டிகளும் தண்ணீரை விட்டு ரொம்பத் தூரம் போக முடியாமல் கரையோரமே சுற்றின. நடந்து எட்டுகிற தூரத்தில் இருந்த தழை எல்லாம் தீர்ந்துவிட்டது. வறண்ட காட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதுதான் தழையை யார் தின்பது, எவ்வளவு தின்பது என்பதை முடிவு செய்கிறது.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் நல்ல மனசோடு செய்த காரியம் எப்படித் திரும்பியது என்று பாருங்கள். ரோன் என்று ஒரு பெரிய மான், தண்ணீர் குறைவான, புல் உயர்ந்த பகுதியில் தனியாக வாழும். வறட்சிக்கு உதவட்டும் என்று அந்தப் பகுதியில் குட்டைகள் அமைத்தார்கள். தண்ணீரைத் தேடி வரிக்குதிரைக் கூட்டம் வந்தது. பின்னாலேயே சிங்கம் வந்தது. 1986-ல் சுமார் 450 இருந்த ரோன், 1993-ல் 45 ஆகிவிட்டது. அப்புறம்தான் குட்டைகளை மூடத் தொடங்கினார்கள்.

நம் அடிவாரத்தில் சிங்கம் இல்லை. ஆனால் தொட்டி வைத்த இடத்தில் புள்ளிமான் கூடும், கூடிய இடத்துக்குத் தெருநாய் வரும். ரோட்டோரம் வைத்தால் வண்டியில் அடிபடும். சிமெண்ட் சுவர் செங்குத்தாக இருந்தால் சின்ன உயிர் உள்ளே விழுந்து ஏற முடியாமல் சாகும். பணம் திரட்டியாகிவிட்டது என்றால் முதலில் வனத்துறையைக் கேட்கச் சொல்லுங்கள், அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் எதையும் வைக்க முடியாது. அவர்கள் இடம் காட்டினால் ரோட்டைவிட்டும் ஊரைவிட்டும் தள்ளி, ஒரு பக்கம் சரிவாக இறங்கும்படி கட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் பாதியை உண்ணிச்செடி எடுக்கச் செலவிடலாம். அது இருக்கும் இடத்தில் மானுக்குப் புல் கிடையாது, தீக்குத் தீனி உண்டு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்ததே, நினைவிருக்கும். அதற்கு முந்தைய வருஷம் அந்தப் பக்கம் மழை வெளுத்து வாங்கிய வருஷம். உங்கள் அப்பா சொன்னது மறுபடியும் சரியாகிறது.

பையனின் கேள்விக்கு நான் பதில் சொல்வதென்றால் முதுமலையைக் காட்டுவேன். அங்கே 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள மரம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 1988-லிருந்து இந்திய அறிவியல் கழகத்தார் கணக்கு எடுத்துவருகிறார்கள். அதில் தெரிந்த ஒன்று எனக்கு மறக்காது. வறட்சி வந்த வருஷமே மரம் சாவதில்லை. இரண்டு, மூன்று வருஷம் கழித்து, மழை திரும்பிய பிறகும்கூடச் சாகிறது. ஆழத்தில் சேர்ந்திருந்த ஈரம் தீர்ந்து போனது மேலே தெரிய அவ்வளவு நாள் ஆகிறது. சின்னக் கன்றுகளைத் தீ அடிக்கடி துடைத்துவிடுகிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் இருக்கும். பெரிய மரம் நிற்கும். அதற்கு அடுத்தது எங்கே என்று தேடினால்தான் தெரியும்.

பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள் டீச்சர். ஒரு கயிறு போதும்.

---

மூக்கனேரிக்கரை எழுதியது:

தேடிவிட்டோம். காப்புக்காட்டுக்குள் போகவில்லை. பையன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரட்டில், அவன் அப்பா ஆடு மேய்க்கிற இடத்தில், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு பிடித்தோம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பதினோரு பேர் வந்துவிட்டார்கள்.

பெரிய உசிலை நான்கு. வெப்பாலை இரண்டு. வேலம் ஒன்று, பாதி பட்டுப்போனது. உண்ணிச்செடிப் புதர் மூன்று. முழங்காலுக்கு மேல், என் தோளுக்குக் கீழ் உயரத்தில் ஒரு மரக்கன்றுகூட இல்லை. பிள்ளைகள் நம்பாமல் இரண்டாம் தடவையும் எண்ணினார்கள். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தபடியே நின்றான்.

அப்புறம் அவனேதான் கண்டுபிடித்தான். ஒரு சூரை முள்ளுப் புதருக்குள் கையை விட்டு, முள் கீறியதையும் பாராமல் விலக்கிக் காட்டினான். உள்ளே ஒரு சாண் உயரத்தில் உசிலைக் கன்று, ஏழெட்டு இலை. முள்ளுக்குள் இருந்ததால் ஆட்டின் வாய் எட்டவில்லை. டூசான் தம்பி சொன்ன நிழல் கொடுக்கிற தாய் மரத்தை அவர்களுக்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். "மிஸ், இங்க சூரைதான் அது" என்றான்.

தொட்டிக்காரப் பிள்ளைகளிடம் வாழப்பாடிப் பெண் எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். வனத்துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம் என்றார்கள்.

பையன் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றட்டுமா என்று கேட்கிறான். ஊற்றலாமா?

---

வாழப்பாடி_வேங்கை எழுதியது:

ஊற்ற வேண்டாம் டீச்சர். தினமும் மேலே நனைந்தால் வேர் மேலேயே நின்றுவிடும், அவன் ஒரு வாரம் ஊருக்குப் போனால் கன்று போய்விடும். சூரைக்கு அடியில் கிடக்கும் சருகை அப்படியே விடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். புதரைச் சுற்றி நாலடிக்கு மட்டும் தை மாதம் முடிவதற்குள் புல்லைச் செதுக்கி எடுத்துவிடச் சொல்லுங்கள். விறகுக்குச் சூரையை வெட்ட வருபவர்களிடம் அவனே சொல்லிக்கொள்வான்.